ஆள் பேசாத ஒரு நிமிடம்

டி.வி. ரிப்போர்ட்டர் ஒருவர் நேரலையில் "இல்லை" என்று சொல்லி நீங்கள் கேட்டிருக்கிறீர்களா? கேட்டிருக்க மாட்டீர்கள். ஸ்டுடியோவில் ஏ.சி.யில் கோட் போட்டு உட்கார்ந்திருப்பவர் என்ன கேட்டாலும், வெயிலில் நிற்கிறவர் "நிச்சயமாக" என்றுதான் ஆரம்பிப்பார். மழை பெய்கிறதா? நிச்சயமாக. மழை விட்டுவிட்டதா? அதுவும் நிச்சயமாக. அப்புறம் கேட்ட கேள்வியையே பதிலாகத் திருப்பிச் சொல்வார். நடுவில் "நீங்கள் குறிப்பிட்டதைப் போல" என்று ஒன்றைச் செருகிவிட்டால் வேலை முடிந்தது.

பதினான்கு வருஷம் நானும் அப்படித்தான் சொன்னேன். என் பெயர் ஜன்னத். பழைய வண்ணாரப்பேட்டையில் பிறந்து, ஹார்பரில் மூட்டை தூக்கிய என் அப்பா அத்தாவுல்லாவின் சம்பளத்தில் படித்து, ஒரு செய்திச் சேனலின் வட சென்னை ரிப்போர்ட்டர் ஆனவள்.

பிறக்கும்போதே யாரும் "நிச்சயமாக" என்று சொல்லிக்கொண்டு பிறப்பதில்லை. எனக்கும் அதை அடித்துத்தான் சொல்லிக்கொடுத்தார்கள். சேர்ந்த புதிதில் வியாசர்பாடியில் ஒரு தீ விபத்து. கேமரா வந்து சேருமுன் போனிலேயே நேரலையில் பேச வைத்தார்கள். இதற்கு எங்கள் தொழிலில் "போனோ" என்று பெயர். "நூறு குடிசைகள் எரிந்து சாம்பலானதாகத் தெரிகிறதே ஜன்னத்?" என்று கேட்டார் ஸ்டுடியோவில் இருந்தவர். நான் எண்ணிப் பார்த்திருந்தேன். "இல்ல சார், பதினேழு" என்றேன். லைன் கட்டானது. அடுத்த நிமிடம் செய்தி ஆசிரியர் தண்டபாணி கூப்பிட்டார்.

"ஊரே பாக்குறப்போ நீ ஆங்கரைத் திருத்துவியாம்மா? பதினேழுன்னா அது நியூஸா?"

அடுத்த மாதமே இன்னொன்று. அவசரத்தில் நேரலையில் "இன்னான்னா" என்று வாயில் வந்துவிட்டது. அலுவலகம் முழுக்க ஒரு மாதம் அதைச் சொல்லிச் சிரித்தது. ஒரு அறையில் உட்கார வைத்து எனக்கு ழகரம் சொல்லிக்கொடுத்தார்கள். என் பேச்சு வேண்டாம், ஆனால் என் ஊரில் ஒரு கொலை விழுந்தால் மட்டும் "உன் ஏரியா தானே, ஓடு" என்பார்கள். கொடுங்கையூர் குப்பைமேட்டுப் புகையைப் பற்றி நான் எடுத்த பதினோரு செய்திகளில் இரண்டுதான் வெளியே வந்தன. அந்த இரண்டும் ஞாயிற்றுக்கிழமை, ஆள் பார்க்காத நேரத்தில். நான் எல்லாவற்றையும் விழுங்கிக்கொண்டு நல்ல ரிப்போர்ட்டர் என்று பெயர் வாங்கினேன்.

போன பிப்ரவரியில் தண்டபாணிக்குப் புதிதாக ஒரு யோசனை உதித்தது. "வட சென்னை வாசம்" என்று சனிக்கிழமைதோறும் ஒரு சமையல் பகுதி. "குப்பை நாத்தத்தையே பத்து வருஷமா காட்டிட்டே, ரேட்டிங் வரல. இப்ப கொஞ்சம் நல்ல வாசம் காட்டு" என்றார். அதைச் சொல்லும்போது சிரிக்க வேறு செய்தார். நானும் கூடவே சிரித்தேன்.

அதற்காகத்தான் அந்தப் புதன்கிழமை மத்தியானம் நானும் கேமராமேன் திருமலையும் எண்ணூரில் ஒரு குப்பத்தில் மெர்லின் அக்கா வீட்டுக்குப் போனோம். இரண்டு அறை வீடு. பின்சுவருக்கு அந்தப் பக்கம் இறால் பதப்படுத்தி வெளிநாட்டுக்கு அனுப்பும் ஆலை. குப்பத்தில் அதை ஐஸ் கம்பெனி என்பார்கள். மீனைக் குளிர வைப்பதற்கு அங்கே அமோனியா வாயு ஓடுகிற குழாய்கள் உண்டு என்பது குப்பத்துக் குழந்தைக்கும் தெரியும். எப்போதாவது மூக்கைக் காந்தும். புகார் கொடுப்பார்கள். அதிகாரிகள் வந்து டீ குடித்துவிட்டுப் போவார்கள்.

நாங்கள் போய் இறங்கும்போது மணி இரண்டு. மெர்லின் அக்காவின் கணவர் அன்புமணி கையில் நண்டுக் கூடையோடு வாசலில் நின்றார். முந்தின ராத்திரி கடலுக்குப் போய்விட்டு அப்போதுதான் குளித்திருந்தார், தலையில் ஈரம். கேமராவைப் பார்த்ததும் சட்டைப் பொத்தானை மேலே வரைக்கும் போட்டுக்கொண்டார்.

"நண்டுக்கு காரம் போட்டா மட்டும் பத்தாது தங்கச்சி. பொறுமை வோணும். அது இவளுக்கு இல்ல. அதான் நான் ஆக்குனா ஒரு ருசி, இவ ஆக்குனா ஒரு ருசி" என்று கேமராவைப் பார்த்துச் சொன்னார்.

"தோ பார்றா. கட்டிகினு வந்து பதினாறு வருசமாச்சி, ஒரு நாளு அடுப்புகிட்ட வந்துகீறியா நீ?" என்றார் மெர்லின் அக்கா.

"இது எப்போ டிவில வரும்?" என்று என்னைக் கேட்டார் அன்புமணி.

"சனிக்கிழமைண்ணே."

"அப்போ சனிக்கெழம நான் கடலுக்கு போவல. பாத்துகினே குந்திகினு இருப்பேன்."

கஞ்சி குடித்துவிட்டு அவர் உள்ளே போய்ப் படுத்தார். நாங்கள் வெளியே, சாய்ப்புக்குக் கீழே அடுப்பு மூட்டிப் படமெடுத்தோம். குழம்பு கொதித்தது, மெர்லின் அக்கா பேசினார், நான் ருசி பார்த்துக் கண்ணை மூடித் தலையாட்டினேன். எல்லாம் முடிந்ததும் திருமலை கையைத் தூக்கினார். எல்லோரும் வாயை மூட வேண்டும் என்று அர்த்தம்.

இது திருமலையின் பழக்கம். எந்த இடத்தில் படமெடுத்தாலும் கிளம்புமுன் ஆள் பேசாத ஒரு நிமிடத்தைப் பதிவு செய்வார். அந்த இடத்தின் சத்தம் மட்டும். ஆம்பியன்ஸ் என்போம். பேச்சை வெட்டி ஒட்டும்போது நடுவே ஓட்டை தெரியாமல் இதைப் போட்டு அடைக்கலாம். எங்கள் எடிட்டர்கள் அதைத் தொடுவதேயில்லை, மேலே ஒரு மியூசிக்கைப் போட்டு மூடிவிடுவார்கள். இருந்தாலும் திருமலை எடுப்பார். நான் எத்தனையோ தடவை "வாங்கண்ணே, லேட்டாவுது" என்று கத்தியிருக்கிறேன்.

அன்றைக்கு அவருக்கு இரண்டு தொந்தரவு. பக்கத்து வீட்டு டி.வி.யில் எங்கள் சேனலே ஓடிக்கொண்டிருந்தது. இன்னொன்று உள்ளேயிருந்து வந்த குறட்டை.

"அக்கா, அண்ணன் கொறட்ட மைக்ல வுழுது. கொஞ்சம் எழுப்பி வுடேன்."

"பாவம், ராத்திரி ரெண்டு மணிக்கு போன மனுசன். தூங்கட்டும் வுடு. உன் டிவில அவுரு கொறட்ட வந்தா கவுர்மெண்டா கவுந்துடும்?"

எல்லோரும் சிரித்தோம். "விடுங்கண்ணே, எப்படியும் யூஸ் பண்ண மாட்டாங்க" என்றேன் நான். திருமலை ஒரு நிமிடம் எடுத்தார். மூட்டை கட்டிக்கொண்டு கிளம்பும்போது மூன்று பன்னிரண்டு. மெர்லின் அக்கா ஒரு கிண்ணத்தில் குழம்பை ஊற்றிக்கொண்டு நாலு தெரு தள்ளியிருந்த தங்கை வீட்டுக்குப் புறப்பட்டார்.

திருவொற்றியூரில் டீ குடிக்க நிறுத்தினோம். மூன்றரைக்கு மேல் எண்ணூர்ப் பக்கமிருந்து வந்த ஷேர் ஆட்டோக்களில் ஆட்கள் முகத்தில் துணியைக் கட்டிக்கொண்டு கண்ணீரும் மூக்குமாக வந்து இறங்கினார்கள். ஐஸ் கம்பெனியில் குழாய் வெடித்துவிட்டது என்றார்கள். வண்டியைத் திருப்பினோம். போலீஸ் பாதி வழியிலேயே மறித்துவிட்டது. என் போன் நிற்காமல் அடித்தது. அதற்குள் நிருபர்கள் வாட்ஸ்அப் குழுவில் கம்பெனியின் மக்கள் தொடர்பு ஆள் ஒரு குறிப்பைப் போட்டிருந்தான். தீயணைப்பு வண்டி வருமுன் அவன் குறிப்பு வந்துவிட்டது. அந்தச் சுறுசுறுப்பைக் குழாய்க்கு வாஷர் போடுவதில் காட்டியிருக்கலாம்.

மூன்று ஐம்பதுக்கு போனோ. ஸ்டுடியோவில் ஜோபின். நாகர்கோவில் பக்கத்துப் பையன், நல்ல குரல், முன்னால் திரையில் ஓடுகிறதைப் படிப்பான்.

"ஆலை நிர்வாகம் மூன்று மணிக்கே சைரன் ஒலித்து மக்களை எச்சரித்ததாகத் தகவல் வருகிறது. சம்பவ இடத்தில் இருக்கும் நமது செய்தியாளர் ஜன்னத்திடம் கேட்போம். சொல்லுங்கள் ஜன்னத், உரிய நேரத்தில் எச்சரிக்கப்பட்டதால் பெரும் சேதம் தவிர்க்கப்பட்டிருக்கிறதா?"

"நிச்சயமாக ஜோபின். நீங்கள் குறிப்பிட்டதைப் போல மூன்று மணி முதலே சைரன் ஒலிக்கப்பட்டு, பொதுமக்கள் பாதுகாப்பாக வெளியேற..."

என் வாய்தான் அது. என் குரல்தான். பத்து வினாடிகூட ஆகவில்லை. மூன்று மணிக்கு அந்தச் சுவரிலிருந்து பதினைந்து அடியில் நண்டுக்கால் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவள் நான். நான் கேட்டது ஒரு குறட்டை. சொன்னது ஒரு சைரன்.

போனை வைத்தேன். திருமலை என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சைரன் எப்போ அடிச்சிது ஜன்னத்?"

"கம்பெனி நோட்ல இருக்குண்ணே" என்றேன். அவர் லென்ஸைத் துடைக்க ஆரம்பித்தார்.

அரை மணியில் எல்லாச் சேனலிலும் சைரன் அடித்துவிட்டது. கம்பெனி சொன்னதாக இல்லை, சம்பவ இடத்துச் செய்தியாளர் உறுதி செய்ததாக. நான் சொன்னதைப் பார்த்து அவர்கள், அவர்கள் சொன்னதைப் பார்த்து மறுபடி நாங்கள்.

ஐந்து மணிக்கு அன்புமணியை வெளியே கொண்டுவந்தார்கள். வாசற்கதவுக்கு இரண்டடி உள்ளே, கையில் நனைத்த துண்டோடு கிடந்தாராம். முழித்திருக்கிறார். எழுந்திருக்கிறார். துண்டை நனைக்கிற அளவுக்கு யோசித்தும் இருக்கிறார். வாயு சுவரைத் தாண்டியது மூன்று இருபதுக்கு. மூன்று மணிக்கே ஒரு சைரன் அடித்திருந்தால் அந்த மனிதர் லுங்கியை இறுக்கிக் கட்டிக்கொண்டு, நிதானமாக நடந்தே வெளியே வந்திருப்பார்.

மறுநாள் காலை கம்பெனியின் இரண்டாவது குறிப்பு வந்தது. "உயிரிழந்தவர் மதுபோதையில் உறங்கிக்கொண்டிருந்ததால் எச்சரிக்கை ஒலியைப் பொருட்படுத்தவில்லை என அறியப்படுகிறது." அறியப்படுகிறதாம். யார் அறிந்தார்கள், எங்கே அறிந்தார்கள் என்று ஒரு சேனல் கேட்கவில்லை. பிரேதப் பரிசோதனையின் ரசாயன அறிக்கை வர இரண்டு மாதம் ஆகும். பொய்க்கு அந்த இரண்டு மாதம் தாராளம்.

அரசு ஆஸ்பத்திரி பிணவறை வாசலில் பத்து மைக்குகளோடு என் மைக்கும் நின்றது. மெர்லின் அக்கா எல்லா மைக்கையும் தள்ளிக்கொண்டு நேராக என்னிடம் வந்தார். அழவில்லை.

"ஜன்னத்து, மூணு மணிக்கு நீ எங்க வூட்ல தான குந்திகினு இருந்த?"

"ஆமாக்கா."

"அடிச்சிதா?"

"இல்லக்கா."

"அப்புறம் இன்னாத்துக்கு அடிச்சிதுன்னு சொன்ன?"

ஆங்கர் கேட்டால் அப்படித்தான் சொல்வோம் என்றா சொல்வது?

"தெரியாம சொல்றவன உட்டுடலாம். நீ தெரிஞ்சி சொல்லிகீற" என்றார். அவர் குரல் ஏறவே இல்லை. "அவுரு ஒரு காலத்துல குடிச்சவருதான். குப்பத்துக்கே தெரியும். எம் பொண்ணு பெனிஷா பொறந்த அன்னிக்கி வுட்டாரு. பதிமூணு வருசம். ஒரு சொட்டு கெடையாது. இப்பவே ஸ்கூலு பசங்க வந்து அவள பாத்து இன்னா கேக்குறாங்க தெரிமா? உங்கப்பா குடிச்சிட்டு செத்தாராமேன்னு கேக்குறாங்க. எனக்கு வேற எந்த எழவும் வோணாம். அந்த ஒரு வார்த்தைய எடு. நீ போட்ட சைரன்ல தான அது வந்து குந்திகிச்சி. நீயே எடு."

நான் வீட்டுக்குப் போகாமல் அலுவலகம் போனேன். தண்டபாணியின் அறையில் நின்றேன்.

"சார், நான் சொன்னது தப்பு. நான் அங்கேயே இருந்தேன், சைரன் அடிக்கலை. திருத்தம் போடணும்."

"எல்லாச் சேனலும்தான் சொன்னாங்க."

"நம்மைப் பார்த்துத்தான் சார் சொன்னாங்க."

அவர் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். "ஏழு மணி விவாதத்தை யார் விளம்பரம் குடுத்து வழங்குறாங்கன்னு உனக்குத் தெரியும்ல? அந்தக் குரூப்போட கம்பெனிதான் இது. ஒரு வார்த்தைக்காக இவ்வளவு கலாட்டாவா? நாளைக்கு வேற நியூஸ் வரும், எல்லாரும் மறந்துடுவாங்க."

"அன்னிக்கு எடுத்த சமையல் ஃபுட்டேஜ் இருக்கு சார். மூணு மணிக்கு கேமரா ரோலிங்ல இருந்துச்சு."

"சேனல் சொத்தும்மா அது. வெளிய போச்சுன்னா வேலை மட்டுமில்ல, கேஸும் வரும்." பிறகு அன்பாகவே சொன்னார்: "ஒளிபரப்பாகாத ஃபுட்டேஜ் சர்வர்ல பதினஞ்சு நாள்தான் நிக்கும். அதுவா அழிஞ்சிடும். நீயும் அதோட விட்டுடு."

கோட்டாட்சியர் விசாரணை இருபதாவது நாள் என்று அறிவித்திருந்தார்கள். பதினைந்து போனால் என்ன மிச்சம் என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். "சரி சார்" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன். "சரி சார்" சொல்லிச் சொல்லியே பழகிய வாய். அதை அங்கேயே தைத்துக்கொள்ளலாம் போலிருந்தது.

பார்க்கிங்கில் திருமலை பைக்கின் மேல் உட்கார்ந்திருந்தார். நடந்ததைச் சொன்னேன்.

"என்கிட்ட கீது" என்றார்.

மூன்று வருஷத்துக்கு முன் ஒரு முக்கியமான ஃபுட்டேஜை யாரோ தொலைத்துவிட்டு திருமலை தலையில் கட்டினார்கள். அன்றிலிருந்து அவர் எதை ஒப்படைத்தாலும் முதலில் தன் ஹார்ட் டிஸ்க்கில் ஒரு பிரதி ஏற்றிக்கொண்டுதான் ஒப்படைப்பார். எனக்கே அதுவரை தெரியாது.

"அண்ணே, உங்களுக்கு ரெண்டு பசங்க. வேலை போயிடும்."

"என் பேரு வராம பாத்துக்கோ." வண்டியை உதைத்தார். பிறகு, "வந்தாலும் பரவால்ல. எழுப்பி வுடுன்னு சொன்னேன் ஜன்னத். ரெண்டாவது தபா சொல்லாம உட்டுட்டேன்" என்றார்.

விசாரணை காலடிப்பேட்டையில் ஒரு சமுதாயக் கூடத்தில் நடந்தது. யாரோ கல்யாணத்துக்குக் கட்டிய காகிதத் தோரணம் இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது. கோட்டாட்சியர் ஐம்பது வயதுப் பெண்மணி, அதிகம் பேசாதவர். முன் வரிசையில் குப்பத்துப் பெண்கள். மெர்லின் அக்காவின் பக்கத்தில் பள்ளிச் சீருடையோடு பெனிஷா. கம்பெனி வக்கீல் லேப்டாப்பைத் திறந்து வைத்துக்கொண்டு சைரன் பதிவேட்டைக் காட்டினார். மூன்று மணி முதல் மூன்றேகால் வரை, அழகான கையெழுத்தில், ஒரே பேனாவில்.

"மேடம், பதிவேட்டை நம்ப வேண்டாம். பொதுமக்களையும் நம்ப வேண்டாம். சம்பவ இடத்திலிருந்த அனுபவமுள்ள பத்திரிகையாளர் சொன்னதைக் கேளுங்கள்" என்று ஒரு பொத்தானை அமுக்கினார்.

"நிச்சயமாக ஜோபின்" என்றது என் குரல். கூடம் முழுக்கக் கேட்டது. ழகரமெல்லாம் சுத்தமாக இருந்தது.

நான் பின்வரிசையில் திருமலையின் பக்கத்திலிருந்து எழுந்தேன்.

"நீங்க யாரும்மா?" என்றார் கோட்டாட்சியர்.

"அந்தக் குரல் நான்தான் மேடம். நான் சொன்னது பொய். மூணு மணிக்கு நான் அந்த வீட்டு வாசல்ல இருந்தேன். சைரன் அடிக்கலை."

கூடத்தில் சலசலப்பு. வக்கீல் அசரவில்லை. இப்படிப்பட்டவர்களை அசர வைக்க முடியாது, அதற்குத்தான் அவர்களுக்குக் கூலி.

"அப்போ டி.வி.யில் சொன்னது பொய்?"

"ஆமா."

"இவ்வளவு பேருக்கு முன்னாடி பொய் சொன்னவங்க, இன்னைக்குச் சொல்றது மட்டும் உண்மைன்னு நாங்க எப்படி நம்புறது?"

நியாயமான கேள்வி. பதினான்கு வருஷத்தில் யாரும் என்னிடம் கேட்காத கேள்வி.

"என்னை நம்பாதீங்க சார். நான் வாயைத் திறக்காத ஒரு நிமிஷம் இருக்கு. அதை மட்டும் கேளுங்க" என்றேன்.

ஹார்ட் டிஸ்க்கை நீட்டினேன். வக்கீல் ஆட்சேபம் சொன்னார். சேனலின் சொத்து என்றார், கேமரா கடிகாரம் தப்பாகவும் ஓடலாம் என்றார். கோட்டாட்சியர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு "போடுங்க" என்றார்.

முதலில் இரண்டு மணிக்கு எடுத்தது. திரையில் அன்புமணி ஈரத்தலையோடு நின்று பொத்தான் போட்டார். கண் தெளிவாக, வார்த்தை தெளிவாக, மனைவியைக் கிண்டல் செய்தார். "சனிக்கெழம நான் கடலுக்கு போவல" என்றார். குப்பத்துப் பெண்கள் சிலர் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டார்கள். பெனிஷா கண்ணை எடுக்காமல் பார்த்தாள்.

பிறகு அந்த நிமிடம். திரையில் ஒன்றுமில்லை, அடுப்பில் ஒரு சட்டி. குழம்பு கொதிக்கிற சத்தம். காக்கை. பக்கத்து வீட்டு டி.வி.யில் எங்கள் சேனலின் தலைப்புச் செய்தி இசை. அதை அடுத்து ஜோபினின் நல்ல குரல்: "வணக்கம், மூன்று மணிச் செய்திகள்." வக்கீல் தன் தாள்களை அடுக்க ஆரம்பித்தார். கேமரா கடிகாரம் தப்பாக ஓடலாம். சேனலின் மூன்று மணிச் செய்தி எப்படித் தப்பாக ஓடும்?

தலைப்புகள் ஒவ்வொன்றாக ஓடின. சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து எந்தச் சத்தமும் இல்லை. எங்கோ ஒரு ஆட்டோ ஹாரன். எல்லாவற்றுக்கும் அடியில், நிதானமாக, ஏறி இறங்கி, ஒரு மனிதன் குறட்டை விட்டுக்கொண்டிருந்தான்.

நிமிடம் முடிந்தது. கோட்டாட்சியர் எழுத்தரிடம் சொல்லி எழுத வைத்தார். மூன்று மணிக்கு எச்சரிக்கை ஒலி எழுப்பப்படவில்லை. இறந்தவர் மதுபோதையில் இருந்ததற்கு ஆதாரமில்லை, அந்த வாசகத்தை நிர்வாகம் தன் அறிக்கையிலிருந்து நீக்க வேண்டும். எழுத்தர் ஒவ்வொரு வார்த்தையாகப் படித்துக் காட்டினார்.

என் போன் அதிர்ந்தது. தண்டபாணி. விசாரணைக்குள் அவர்களுக்கும் ஆள் இருப்பான் போல. அடையாள அட்டையைக் கழற்றிப் பைக்குள் போட்டேன். மறுநாள் வாங்கிக்கொள்ளப் போகிறவர்களுக்கு அந்தச் சிரமம் எதற்கு? அன்று ஏழு மணி விவாதம் வழக்கம்போல நடந்தது, வேறு தலைப்பில். வழங்கியவர்கள் அவர்களேதான். என் சேனலில் இன்றுவரை திருத்தம் வரவில்லை.

கூடம் கலைகிறபோது மெர்லின் அக்கா எழுந்திருக்காமல் உட்கார்ந்திருந்தார். "சார், அத்த இன்னொரு தபா போடு சார்" என்று எழுத்தரைக் கேட்டார்.

"எதும்மா?"

"அந்த ஒரு நிமிசம். அது எங்க வூட்டுக்காரரு கொறட்ட சார்."

எழுத்தர் கோட்டாட்சியரைப் பார்த்தார். அவர் தலையசைத்தார். மறுபடியும் போட்டார்கள். குழம்பு கொதித்தது, ஜோபின் செய்தி படித்தான், அன்புமணி தூங்கினார். பெனிஷா அம்மாவின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். திருமலை வாசலுக்குப் போய் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்.

முடிந்ததும் மெர்லின் அக்கா என்னிடம் வந்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

"உன்ன மன்னிச்சிட்டேன்னு நெனச்சிகினு போவாத" என்றார்.

"இல்லக்கா."

புடவை மடிப்பிலிருந்து போனை எடுத்து நீட்டினார். திரை விரிசல் விட்டிருந்தது. "அந்த கொறட்டய மட்டும் இதுல ஏத்திக் குடு. பொண்ணு கேக்குறா. ஏத்தித் தருவியா?"

நிச்சயமாக என்று நாக்கின் நுனிவரை வந்துவிட்டது. பதினான்கு வருஷப் பழக்கம், சும்மா விடுமா. அதை அப்படியே கடித்து விழுங்கினேன். ஒன்றும் பேசாமல் போனை வாங்கி, அங்கேயே தரையில் குந்தி உட்கார்ந்து ஏற்ற ஆரம்பித்தேன்.